பின்கண்ணாடியில் மூச்சு

மன்னவனூருக்கு மேலே, தார் ரோடு முடிந்து மண்பாதை தொடங்குகிற இடத்தில், ஒரு பள்ளத்துக்குள் சாமியம்மாவின் குடில் இருந்தது. சாமியம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய ஒரே சீடரான மொக்கராசுவுக்கோ தலை முழுக்க நரைத்துவிட்டது. குரு சீடரை அண்ணே என்பார். சீடர் குருவைச் சாமியம்மா என்பார். ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் இதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை.

மொக்கராசு மோட்சம் கேட்டு வந்தவர் இல்லை. வண்டி ரிப்பேருக்கு வந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவரிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. வெயில் காலத்தில் அது சொன்ன பேச்சைக் கேட்கும். மார்கழி பிறந்து, காலையில் புல்லின்மேல் பனி வெள்ளையாக உறைய ஆரம்பித்தால், அசையாது. மலையில் குளிருக்கு எந்த வண்டியும் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். அதனால் அங்கே டிரைவர்களுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. இரவில் வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவார்கள். பானட்டுக்குச் சாக்குப் போர்த்துவார்கள். பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய் வீட்டுக்குள் அடுப்படியில் வைப்பார்கள். பெண்டாட்டிக்கு இல்லாத இடம் பேட்டரிக்கு இருக்கிறது என்று வீட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள்.

மொக்கராசு இதையெல்லாம் ஒன்று விடாமல் செய்வார். மற்றவர்களின் வண்டி கிளம்பாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போய் உட்கார்ந்தால் எப்பேர்ப்பட்ட வண்டியும் இருமிக்கொண்டு கிளம்பிவிடும். அவருடைய வண்டி மட்டும் கிளம்பாது.

கொடைக்கானலில் மூன்று மெக்கானிக்குகள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். கோளாறு எதுவும் இல்லை என்று மாட்டிக் கொடுத்தார்கள். கடைசி மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, இதற்கு மேல் அந்தச் சாமியம்மாவிடம்தான் காட்ட வேண்டும் என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னது. மொக்கராசு நேரே வண்டியை ஓட்டிக்கொண்டு குடிலுக்கு வந்துவிட்டார்.

"என் வண்டி ஏன் கெளம்ப மாட்டேங்குது சாமியம்மா?"

"குளிரு."

"மத்த வண்டியெல்லாம் கெளம்புதே."

"மத்த வண்டியில உக்காருற மாதிரியா இதுல உக்காருறீங்க?"

மொக்கராசுவுக்குக் கோபம் வந்தது. ஆனால் திரும்பிப் போகவில்லை. குடிலுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து, அங்கேயே இருந்துவிட்டார். சீடர் ஆனது இப்படித்தான்.

அவர் கேட்க நினைத்த கேள்வி அது இல்லை. நினைத்ததைக் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது.

அந்த ஜீப்பில் டிரைவருக்குப் பின்னால் நீளமாக ஒரு சீட்டு உண்டு. குளிர் காலையில், கதவெல்லாம் பூட்டிக் கிடக்கும்போது, பின்சீட்டின் இடப்பக்கக் கண்ணாடியில் வட்டமாக ஆவி படிந்திருக்கும். ஓர் ஆள் உட்கார்ந்தால் முகம் வருகிற உயரத்தில் அது இருக்கும். துண்டால் துடைத்தால் போகாது, ஏனென்றால் அது உள்பக்கம் படிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் வட்டம் சுருங்கும். பிறகு விரியும். பிறகு சுருங்கும்.

மொக்கராசு நின்று பார்ப்பதில்லை. ஒரு தடவை பார்த்ததே போதுமென்று ஆகிவிட்டது.

இடப்பக்கம் யார் உட்கார்ந்திருந்தது என்று அவருக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதக் காலையில் அவர் மனைவி காத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலி தாங்கவில்லை. மொக்கராசு அவளைக் கம்பளியில் சுற்றிப் பின்சீட்டில் உட்காரவைத்தார். பல் கிட்டித்துப்போகிற குளிர். அடுப்பிலிருந்து கரிக்கங்குகளை ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தார். காற்று புகாமல் கதவுகளை இறுக்கிச் சாத்தினார். பிறகு பானட்டைத் திறந்து வண்டியோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார்.

நெடுநேரம் ஆயிற்று. வண்டி கிளம்பியபோது அவருக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. பூம்பாறை தாண்டி, பள்ளங்கியைத் தாண்டி, வழி நெடுக அவளோடு பேசிக்கொண்டே ஓட்டினார். இந்தா வந்துட்டோம், இந்த வளைவு தாண்டினா ஆஸ்பத்திரி, ஊசி போட்டா வலி நின்னுரும், சாயங்காலம் ஊருக்குத் திரும்பிரலாம் என்றெல்லாம் சொன்னார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வலியில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பின்கதவைத் திறந்தாள். காத்தாயி செத்தது வயிற்று வலியால் இல்லை, மூடிய வண்டிக்குள் கரிக்கங்குப் புகையால் என்று பிறகு டாக்டர் சொன்னார். அந்தப் புகைக்கு வாசம் கிடையாது, தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும், கிளம்புவதற்கு முன்பே உயிர் போயிருக்கும் என்றும் சொன்னார். அதாவது, வழி நெடுக மொக்கராசு தனியாகத்தான் பேசியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் ஆள் ஏற்றுவதை விட்டுவிட்டார். கேரட்டும் பூண்டும் முட்டைக்கோசும் ஏற்றினார். டிரைவர் பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் திருகிக் கழற்றிக் காட்டில் எறிந்தார். அது தானாக விழுந்துவிட்டது என்று ஊரில் சொல்லிவைத்தார். பின்சீட்டைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. மூட்டையைக்கூட வெளியே நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளே தள்ளிவிடுவார்.

குடிலுக்கு வந்த இரண்டாவது மார்கழியில் ஒருநாள், விறகு பிளந்துகொண்டிருந்தவர் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டே விட்டார்.

"வண்டிக்குள்ள யாரு இருக்கா சாமியம்மா?"

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"போயிப் பாருங்க."

மொக்கராசு போகவில்லை. கோடாலியை எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது மார்கழியில் அந்தக் காலை வந்தது. இரவெல்லாம் பனி கொட்டி, உருளைக்கிழங்குச் செடிகள் கருகிப்போய் நின்றன. குடத்துத் தண்ணீரின்மேல் பனிக்கட்டி ஏடு கட்டியிருந்தது. ஊரில் இருந்த மற்ற வண்டிகளெல்லாம் விடியுமுன்பே காய் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு இறங்கிவிட்டன. கரண்ட் இல்லை. செல்போனில் டவரும் இல்லை.

சாமியம்மாவுக்குத் தினமும் பால் கொண்டுவருகிற தங்கப்பொண்ணு அன்றும் வந்தாள். கீழே பூண்டுக் கிடங்கில் வேலை பார்க்கிறவள். சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. பால் தூக்கை வாசலில் வைத்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரிச் சத்தம் வந்தது. மடியிலிருந்த ஸ்பிரேயை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். அது காலியாகி இருந்தது.

சாமியம்மா அவள் உதட்டைப் பார்த்தார். நீலம் பாரித்திருந்தது.

"அண்ணே, வண்டிய எடுங்க."

மொக்கராசு ஒரு நிமிஷம் நின்றார். ஊரில் வேறு வண்டி இல்லை என்பது அவருக்கும் தெரியும். இந்தப் பெண் அவள் அம்மாவுக்கு ஒரே பிள்ளை என்பதும் தெரியும். அவர் அடுப்படிக்குப் போய்ப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

சாமியம்மா தங்கப்பொண்ணைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து, பின்சீட்டில் வலப்பக்கம், டிரைவருக்கு நேர் பின்னால் உட்காரவைத்தார்.

மொக்கராசு பேட்டரியை மாட்டினார். ஏறி உட்கார்ந்தார், சாவியைத் திருகினார். வண்டி ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. குதித்து இறங்கினார். சாக்கை வெந்நீரில் முக்கி டீசல் பைப்பின்மேல் சுற்றினார். பில்டர் பக்கத்திலிருந்த சின்னப் பம்பைக் கையால் அடித்துக் காற்றை வெளியேற்றினார். ஏறினார், திருகினார், முனகியது, இறங்கினார். தள்ளி உருட்டவும் வழியில்லை. குடில் பள்ளத்தில் இருந்தது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்.

அவர் வேர்த்துக்கொட்டிக்கொண்டு ஓடினார். அடுப்படிக்குப் போனதும், கங்கு அள்ளியதும் அவருக்கு நினைவிருந்தது. இன்ஜினுக்கு அடியில் வைத்துச் சூடு காட்டலாம் என்றுதான் அள்ளினார். பிறகு நடந்தது நினைவில் இல்லை. யாரோ தோளைத் தொட்டார்கள். பார்த்தால், கையில் கங்குச் சட்டியோடு பின்கதவைத் திறந்து நின்றுகொண்டிருந்தார். சட்டி பாதி உள்ளே போயிருந்தது. தங்கப்பொண்ணின் காலடிக்கு.

மொக்கராசு தன் கைகளைப் பார்த்தார். அவை வேறு யாருடைய கைகளோ போல இருந்தன.

தோளைத் தொட்ட சாமியம்மா சட்டியை வாங்கித் தள்ளிப் போய் வைத்தார். பனியில் அது சீறி அடங்கியது.

அப்போதுதான் மொக்கராசு கண்ணாடியைப் பார்த்தார். வலப்பக்கக் கண்ணாடியில் தங்கப்பொண்ணின் மூச்சு விட்டுவிட்டுப் படிந்துகொண்டிருந்தது. இடப்பக்கக் கண்ணாடியிலும் ஒரு மூச்சு படிந்துகொண்டிருந்தது. அது நிதானமாக, ஒரே சீராக இருந்தது.

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"உள்ள ரெண்டு பேரு இருக்காங்க சாமியம்மா."

"ஆமா."

"வண்டி கெளம்பாது. அவ எறங்கணும். நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா எறங்குவா."

சாமியம்மா இடப்பக்கக் கதவைத் திறந்தார். காலியான சீட்டைப் பார்த்து, பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் கேட்பதுபோல, "கொஞ்சம் வழி விடு ஆத்தா" என்றார். குனிந்து, யாருடைய முழங்காலிலும் இடித்துவிடாமல் நகர்ந்து போய், நடுவில் உட்கார்ந்தார். ஒரு கையால் தங்கப்பொண்ணைத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். இன்னொரு பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் அப்படியே இருந்தது.

"கதவச் சாத்திட்டு வந்து உக்காருங்க அண்ணே."

மொக்கராசு சாத்தினார். அந்தக் கதவைச் சாத்த அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பிடரியில் குளிர் ஏறியது. உடனே கை சாவிக்குப் போயிற்று.

"இருங்க" என்றார் சாமியம்மா. "மத்தவங்க வண்டி கெளம்பாட்டி என்ன பண்ணுவீங்க?"

"இன்ஜின் ஹீட்டர் போடுவேன்."

"போட்டு?"

"காத்திருப்பேன். உள்ள கம்பி நல்லாப் பழுக்கணும். பொறுமையா உக்காந்திருக்கணும். அதுக்கப்புறந்தான் சாவியத் திருகணும்."

"இதுல ஹீட்டர் இல்லையா?"

"இருக்கு."

"ஏன் காத்திருக்க மாட்டேங்குறீங்க?"

மொக்கராசு சாவியைப் பார்த்தார். ஆறு வருஷமாக அந்தச் சீட்டில் உட்கார்ந்ததும் சாவியைத் திருகியிருக்கிறார். இன்ஜின் சத்தம் இல்லாத அந்த அமைதியில், முதுகுக்குப் பின்னால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடிந்ததே இல்லை. கோளாறு அவ்வளவுதான். மூன்று மெக்கானிக்குகள் வண்டியைத்தான் பிரித்துப் பார்த்தார்கள்.

அவர் ஹீட்டரைப் போட்டார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பின்னால் தங்கப்பொண்ணின் நெஞ்சு விசிலடித்தது. அதற்கு அப்பால், இடப்பக்கத்திலிருந்து, தூங்குகிறவர் விடுகிற மாதிரி இன்னொரு மூச்சு கேட்டது. கம்பளிக்குள்ளிருந்து வருகிற மூச்சு. அது அவருக்குப் பழக்கமானதுதான். முப்பது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டது.

அவருக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. பயத்தில் கண்ணீர் வழிந்து மீசையை நனைத்தது. கைகள் மடியிலேயே இருந்தன.

பழுத்திருக்கும் என்று தோன்றியபோது சாவியைத் திருகினார். வண்டி இருமியது, உதறியது, பிடித்துக்கொண்டது.

மண்பாதை ஏறித் தார் ரோட்டுக்கு வந்ததும், தன்னையறியாமல் பழைய பேச்சு அவர் வாயில் வந்துவிட்டது. இந்தா வந்துட்டோம், இந்த வளைவு தாண்டினா என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க. கேளுங்க" என்றார் சாமியம்மா.

மொக்கராசு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தங்கப்பொண்ணு, இருக்கியாத்தா?"

"ம்."

அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு வளைவிலும் கேட்டார். ஒவ்வொரு வளைவிலும் ம் என்று பதில் வந்தது. பூம்பாறை தாண்டிப் பைன் மரங்கள் இருபுறமும் அடைத்து நிற்கிற இடத்தில், ரோடு இருண்டு கிடந்தது. அங்கே கேட்டபோது ம் இரண்டு தடவை வந்தது. ஒன்று வலப்பக்கத்திலிருந்து. ஒன்று இடப்பக்கத்திலிருந்து. சாமியம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அது சாமியம்மா இல்லை.

ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்.

அடுத்த வளைவில் கேட்டார். இடப்பக்கத்திலிருந்து மட்டும் ம் வந்தது.

"தங்கப்பொண்ணு."

பதில் இல்லை.

ஆஸ்பத்திரி இன்னும் தூரத்தில் இருந்தது. நிறுத்தினால் வண்டி அணைந்துவிடலாம். அணைந்தால் மறுபடி கிளம்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஓட்டிக்கொண்டே போ, சீக்கிரம் போ என்று கால் ஆக்சிலேட்டரை அழுத்தியது. அன்றைக்கும் இப்படித்தான் அழுத்தியது.

மொக்கராசு பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது, இன்ஜின் அணைந்தது. அவர் திரும்பினார். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, உடம்பு முழுவதும் திரும்பி, பின்சீட்டைப் பார்த்தார்.

தங்கப்பொண்ணு சாமியம்மாவின் மடியில் முகம் கவிழ்ந்து சரிந்திருந்தாள். கழுத்தில் சுற்றிய சால்வை இறுகி, வாயும் மூக்கும் அதற்குள் புதைந்திருந்தன. சாமியம்மா அவளைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார். ஒற்றைக் கைக்கு அந்தக் கனம் அடங்கவில்லை. இன்னொரு கையை இடப்பக்கத்தில் யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல அது அங்கேயே இருந்தது.

மொக்கராசு இறங்கி ஓடி வலப்பக்கக் கதவைத் திறந்தார். அவளை நிமிர்த்தி உட்காரவைத்தார். சால்வையை உருவினார். கண்ணாடியை இறக்கிவிட்டார். முதுகைத் தேய்த்தபடி, விடாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பலமாக ஓர் இழுப்பு வந்தது. விசில் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டார்.

"ம்" என்றாள் தங்கப்பொண்ணு, யாரும் கேட்காமலே.

அவர் போய் உட்கார்ந்தார். ஹீட்டரைப் போட்டார். அவசரப்படாமல் காத்திருந்தார். வண்டி கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே கொண்டுபோய் மூக்கில் மாஸ்க் மாட்டினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, மொக்கராசுவின் முகத்தைப் பார்த்து, முடிக்காமல் விட்டார். வெயில் ஏறியபோது தங்கப்பொண்ணின் உதட்டில் நிறம் திரும்பிவிட்டது. காப்பி வேண்டும் என்று கேட்டாள். அவள் அம்மாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியாயிற்று.

மொக்கராசு வெளியே வந்தார். ஜீப் வாசலில், வெயிலில் நின்றது. சாமியம்மா அதன் அருகில் நின்று, மரத்துப்போன தன் இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை மட்டும் குளிரில் கிடந்ததுபோல வெளுத்திருந்தது.

நல்ல வெயில். மற்ற வண்டிகளின் கண்ணாடியெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஜீப்பின் இடப்பக்கக் கண்ணாடியில் அந்த வட்டம் சுருங்கியது, விரிந்தது.

மொக்கராசு இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நின்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இந்தப் பிள்ள பொழச்சுக்கிருச்சு. நானும் திரும்பிப் பாத்துட்டேன். அப்புறமும் ஏன் சாமியம்மா அவ எறங்க மாட்டேங்குறா?"

சாமியம்மா கையைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"ஆறு வருஷமா உங்க வண்டியில உக்காந்திருக்கா. எங்க போகணும்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லையே அண்ணே."